மானுக்குப் பதில் யானை

எண்பதுகளின் தொடக்கம். மழை பொய்த்துப்போய்க் கரிசல் காடெல்லாம் வெடித்துக் கிடந்த காலம். கோவில்பட்டியில், ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்தில் குடியிருந்தேன். வீட்டின் முன்னறைதான் எனக்கு வேலை செய்யும் இடம். நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து மிருகங்கள் வரைவேன். எல்லாம் தீப்பெட்டி லேபிளுக்கு.

அப்போது எங்கள் ஊரில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருக்கும். தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். ஒவ்வொரு ஆபீஸுக்கும் ஒரு படம் வேண்டும். பெயரை வாசிக்கத் தெரியாதவர்கள்கூடக் கடையில் போய், "கிளிப் பெட்டி ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிவிடுவார்கள். அதனால் மிருகமும் பறவையும்தான் நன்றாக ஓடும். ஒரு முதலாளி பச்சைக் குதிரை போட்டால் அடுத்த முதலாளிக்குச் சிவப்புக் குதிரை வேண்டும். ஒருவருக்கு ஊதா நிறத்தில் சிங்கம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். புலி வரையச் சொல்வார்கள், ஆனால் அது முறைக்கக் கூடாது, அடுப்பங்கரையில் இருக்கிற சாமான் பாருங்கள். நான் அட்டையில் பெரிதாக வரைந்து கொடுப்பேன். சிவகாசியில் அதைச் சுருக்கி அச்சடிப்பார்கள். படத்தில் என் பெயர் இருக்காது. அதைப் பற்றி எனக்குக் குறையும் இருந்ததில்லை. கடைப் பலகையில் நான் வரைந்த மிருகங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் போதும்.

ஊருக்குத் தெற்கே இருந்த ஒரு சின்ன ஆபீஸுக்கு நான் வரைந்து கொடுத்தது புள்ளிமான். மானுக்கு முகம் சரியாக வரவில்லை என்று தவித்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுப் பெண் தங்கள் வெள்ளாட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் கண்ணைப் பார்த்துத்தான் மானின் கண்ணை வரைந்தேன். அவளுக்கு அப்போது பத்தொன்பது இருபது வயதிருக்கும். அப்பா இல்லை. அம்மாவும் அவளும் அந்த ஆபீஸில்தான் வேலை பார்த்தார்கள். அடுத்து இரண்டு தங்கைகள். லேபிள் அச்சாகி வந்ததும், "மாமா, ஊரெல்லாம் மான் மான்னு வாங்குது. எங்க ஆட்டு மூஞ்சின்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்று சிரித்தாள்.

அந்த வருடம் சித்திரையில் ஒரு மத்தியானம். வெயில் தாங்க முடியாமல் கதவைச் சாத்திவைத்து வரைந்துகொண்டிருந்தேன். தெற்கே ஒரு சத்தம். பிறகு தெருவில் ஆட்கள் ஓடும் சத்தம். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பாதி வழியிலேயே மான் பெட்டி ஆபீஸ் பக்கம் புகை தெரிந்தது.

அங்கே நான் பார்த்ததை எல்லாம் எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். குச்சிகளைப் பெட்டிக்குள் அடைக்கிற கொட்டகை அது. அதற்கு இரண்டு வாசல். தீப்பிடித்தது ஒரு வாசல் பக்கம். மற்ற வாசல் வழியாக எல்லாரும் வெளியே வந்திருக்கலாம். ஆனால் அந்த வாசலை அடைத்து, லாரிக்குப் போகவேண்டிய பண்டல்களைத் தலை உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஒட்டி முடித்த பெட்டிகள். ஒவ்வொன்றிலும் நான் வரைந்த மான். அந்தப் பண்டல்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வர முடிந்தவர்கள் வந்தார்கள். முடியாதவர்களில் எதிர்வீட்டுப் பெண்ணும் ஒருத்தி. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது உடல்தான். அவள் அம்மா அன்றைக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள்.

ஆபீஸைப் பூட்டினார்கள். விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நான் அந்த மான் படத்தின் அட்டையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். வாசலில் கார் வந்து நின்றது. அந்த ஆபீஸ் முதலாளி. கெட்ட வார்த்தை பேசுகிறவரோ, விரட்டுகிறவரோ இல்லை. மெதுவாகத்தான் பேசுவார். என் முன்னறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மான் இனிமே சரிப்படாது ஆர்டிஸ்ட். செத்தவிய பெட்டின்னு பேராயிப்போச்சு. கடைக்காரன் எவனும் தொட மாட்டேங்கான். மார்க்கை மாத்திருவோம். நல்லா பளிச்சுன்னு, பாத்த உடனே சிரிப்பு வர்ற மாதிரி ஒரு மிருகம் போட்டுத் தாங்க."

அவர் மகள் மாதிரி ஒரு பெண் செத்த ஈரம் எதிர்வீட்டில் காயவில்லை, இவருக்குச் சிரிப்பு வருகிற மிருகம் வேண்டுமாம். "என் கையால உங்க ஆபீஸுக்கு இனிமே ஒரு கோடு இழுக்க மாட்டேன். எந்திரிச்சுப் போங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதைச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, சத்தமாகவே சொன்னேன். அடைத்துவைத்திருந்த வாசல், பண்டல், இப்போது படத்தை மாற்றி விற்கப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும், "நீ மனுசன்யா" என்றார்கள். கடைக்காரர் அன்றைக்கு டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்தடுத்த நாட்களில் நான் போகிற இடமெல்லாம் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். நானும் சொன்னேன். வேறு இரண்டு முதலாளிகள் என்னிடம் கொடுத்திருந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதுகூட எனக்குக் கவலையாக இல்லை. நெஞ்சு நிமிர்ந்துதான் நடந்தேன்.

அப்படி இருக்கும்போது ஒருநாள், விளக்கு வைக்கிற நேரம், எதிர்வீட்டு அக்கா, செத்த பெண்ணின் அம்மா, வந்தாள். கூட அந்த ஆபீஸில் வேலை பார்த்த இரண்டு பெண்கள். மகள் போன பிறகு அவள் எங்கள் வாசல்படி ஏறியதே இல்லை. நான் பாயை விரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். 'எம் மகளுக்காக நீங்க ஒருத்தராவது நின்னீகளே' என்று அழுவாள், நாம் என்ன ஆறுதல் சொல்வது என்று மனதுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் உட்காரவில்லை.

"மொதலாளிக்குப் படம் போட மாட்டேன்னுட்டீகளாமே தம்பி?"

"ஆமாக்கா. எந்த மொகத்தோட போடுவேன்?"

"போட்டுக் குடுத்துருங்க."

எனக்குப் புரியவில்லை. அவள் குரலில் அழுகையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கூட வந்த பெண்தான் விவரம் சொன்னாள். குச்சி, மருந்து எல்லாம் வந்து இறங்கிவிட்டதாம். ஆனால் நான் டீக்கடையில் பேசிய பேச்சு ஊர் ஊராகப் போய், சரக்கு எடுக்கிற வியாபாரிகள் அந்த ஆபீஸ் என்றாலே ஒதுங்குகிறார்களாம். வேறு ஆர்டிஸ்ட் வரைந்தால் பேச்சு அடங்காதாம். வரைய மாட்டேன் என்று சொன்ன ஆளே வரைந்து கொடுத்துவிட்டால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள், அப்போதுதான் ஆபீஸைத் திறப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

"வேற ஆபீஸுக்குப் போகலாமே" என்றேன்.

"எங்க போகச் சொல்லுதீக? காடு பூராம் காஞ்சு கெடக்கு, அங்கன வேலை பாத்த சனமும் இப்ப தீப்பெட்டி ஆபீஸ் வாசல்லதான் நிக்குது. எங்களை எவன் சேக்கான்?" என்றாள் அந்தப் பெண்.

நான் அக்காவைப் பார்த்தேன். "ஒங்க மக அங்கதானக்கா..." என்று தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"எம் மகளுக்கு அழுதவ நான். பாலூட்டி வளத்தவளும் நான்தான். எனக்கே இல்லாத ரோசம் ஒங்களுக்கு எதுக்கு தம்பி? இருக்கிற ரெண்டு பிள்ளைகளும் காலையில இருந்து கொலப்பட்டினி. நீங்க கோவிச்சுக்கிட்டுப் பேருவாங்குதீக. ஒங்க கோவத்துக்கு எங்க அடுப்பையா அணைக்கிறது?"

ஒரு தடவைகூட அவள் வீட்டு வாசலுக்குப் போய், 'அக்கா, நான் இப்படிச் செய்யப்போறேன், நீங்க என்ன சொல்லுதீக' என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நாலடி தூரத்தில் இருக்கிற வீடு. ஊரெல்லாம் போய் அவள் மகளைப் பற்றிப் பேசியவன், அந்த வீட்டில் உலை கொதிக்கிறதா என்று எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் முதலாளி வீட்டுக்கு நானே போனேன். உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. "படம் போட்டுத் தாரேன். ஒரே ஒரு விசயம். அந்த ரெண்டாவது வாசல்ல இனிமே எதையும் அடுக்கக் கூடாது" என்றேன். "இதைச் சொல்லவா வேணும்? பட்டவன் நான், மறுபடியும் செய்வனா?" என்றார். நம்பினேன். நம்புவதைத் தவிர எனக்கும் வேறு வழி இல்லை.

யானைக்குட்டி வரைந்தேன். நீல நிறத்தில் யானைக்குட்டி, முன்னங்காலைத் தூக்கிச் சிவப்புப் பந்தை உதைக்கிறது. பின்னால் மஞ்சள் வெளிச்சம். கை நடுங்கும், கோணலாக வரும் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நடக்கவில்லை. தூரிகை தன்பாட்டுக்கு ஓடியது. அந்தக் குட்டியின் வாயோரம் ஒரு சிரிப்பு விழுந்தது பாருங்கள், என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று எனக்கு அமையவில்லை.

ஆபீஸ் திறந்தது. யானைப் பெட்டி ஓடு ஓடு என்று ஓடியது. மான் படத்தைத் தொடாத கடைக்காரர்கள் யானையைக் கேட்டு வாங்கினார்கள். பிள்ளைகள் காலிப் பெட்டியைக் கிழித்து லேபிளைச் சேர்த்தார்கள். டீக்கடையில் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். முதலாளி எவ்வளவு கொடுத்தார் என்று எனக்குப் பின்னால் யாரோ விசாரித்தது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அக்கா காலையில் தூக்குச்சட்டியோடு வேலைக்குப் போவாள். கொஞ்ச நாளில் அவளுடைய நடுவுள்ள மகளும் கூடப் போக ஆரம்பித்தாள்.

ஐப்பசி வாக்கில், வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன், மனசு கேட்காமல் ஆபீஸுக்குள் நுழைந்தேன். புதுக் கொட்டகை, புது ஓடு. உள்ளே பெண்கள் குனிந்து பெட்டி அடைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வாசல் எங்கே என்று தேடினேன். தெரியவில்லை. இருந்த இடத்தில் பண்டல் மேல் பண்டலாக நிலை உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. மேலே இருந்த பண்டலைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினேன். அடுத்ததை இறக்கினேன். மேஸ்திரி ஓடி வந்து கையைப் பிடித்தார். பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் இருந்த இடத்திலிருந்தே, சத்தம் போடாமல், "போயிருங்க தம்பி. எங்க வேலைக்கு எடஞ்சல் பண்ணாதீக" என்றாள். அவள் பக்கத்தில் அந்த நடுவுள்ள பெண், என்னைப் பார்க்காமல் குச்சி அடைத்துக்கொண்டிருந்தது.

முதலாளியின் அறைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விசயம் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

"நான் என்ன செய்யட்டும் ஆர்டிஸ்ட்? எல்லாம் நீங்க போட்ட படத்தால வந்த வினைதான். யானைக்கு அம்புட்டு கிராக்கி. சரக்கு வைக்க எடம் பத்தலை. லாரி வந்துட்டா எடுத்துருவோம்."

யாரிடம் போய்ச் சொல்வது? டீக்கடையிலா? மறுபடியும் ஆபீஸை மூடினால் அக்கா மறுபடியும் என் வாசலில் வந்து நிற்பாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்து வந்தேன்.

அதன் பிறகு அங்கே தீ விபத்து எதுவும் நடக்கவில்லை. அது யாருடைய நல்ல மனசாலும் இல்லை, சும்மா நடக்காமல் இருந்தது, அவ்வளவுதான். அந்த நடுவுள்ள பெண் கல்யாணமாகி ஓட்டப்பிடாரம் பக்கம் போய்ச் சேர்ந்த அன்றைக்குத்தான் எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. நான் வரைவதை விடவில்லை. வேறு தொழில் தெரியாது. இன்னும் எத்தனையோ முதலாளிகளுக்கு எத்தனையோ நிறத்தில் மிருகங்கள் வரைந்துவிட்டேன்.

இப்போது வயதாகிவிட்டது. பழைய லேபிள்களைச் சேகரிக்கிற பையன்கள் சிலர் தேடிக்கொண்டு வந்து, நீங்கள் வரைந்ததிலேயே எது நல்லது என்று கேட்கிறார்கள். பந்து உதைக்கிற யானைக்குட்டிதான் என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். அவர்கள் அதைக் கையில் வைத்துச் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிக்க மட்டும், இத்தனை வருடமாகியும், எனக்கு வரவில்லை.