மஞ்சள் வைத்த பில்

போன வருடம் மழை ஓய்ந்த சமயம். தி. நகரில் ஒரு சந்துக்குள், மாடியில் இயங்கும் சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நடந்தது இது. எனக்கே இன்னும் முழுதாகப் புரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். அபிராமபுரத்தில் வீடு. மிக்ஸி, கிரைண்டர், வாட்டர் ஹீட்டர் இவற்றோடு வரும் விளக்கப் புத்தகங்களை வீட்டிலிருந்தே தமிழில் மொழிபெயர்த்துத் தருகிறேன். வேலையை மின்னஞ்சலில் அனுப்பினாலும், பில்லை மட்டும் காகிதத்தில்தான் கொடுப்பேன். அச்செடுத்து, கையெழுத்திட்டு, மூலையில் மஞ்சள் வைத்து, கவரில் போட்டு, ஒரு நாள் சுவாமி அலமாரியில் வைத்திருந்துவிட்டு, பிறகு நேரில் எடுத்துப் போவேன். சின்ன வயதில் வீட்டில் பார்த்த வழக்கம். நகல் வைத்துக்கொள்வதில்லை.

அந்த அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவர் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். வேளச்சேரியிலிருந்து வருகிறவர். கணவர் இல்லை. மகள் படிக்கிறாள். இவர் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது.

மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டிய நேரம் வந்தபோதுதான், வாட்டர் ஹீட்டர் புத்தகத்துக்கான பணம் பல மாதங்களாக வரவில்லை என்று கவனித்தேன். கோபத்தோடு நேரே அங்கே போய் நின்றேன்.

"அந்த பில்லே வரலியே, புரொபசர் சார்" என்றார் அவர்.

"வராம என்னம்மா? உங்க கையிலதானே குடுத்தேன். நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க. டப்பாவை மூடி வெச்சுட்டு, இடது கையால வாங்கினீங்க."

அந்தக் காட்சி அவ்வளவு தெளிவாக என் கண் முன்னால் இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மேஜை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்மேல் மரியாதை உள்ளவர். ஏற்கெனவே ஒரு கூரியர் கவர் தொலைந்த கோபம் அவருக்கு இருந்தது.

"இதும் போச்சா? புரொபசர் என்ன பொய்யா சொல்லுதாரு? மாசக் கடைசியோட நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆமா சார்… கவர் ஒண்ணு வாங்கினா மாதிரிதான் கீது. எங்க வெச்சேன்னுதான் தெரியல" என்றார்.

வேறு பில் கொடுத்தால் உடனே பணம் போடுவதாக முதலாளி சொன்னார். ஜெயித்தவன்போல வீடு திரும்பினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சுவாமி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி படங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு கவரை எடுத்தாள். "ஏன்னா, இது அந்த ஹீட்டர் பில்தானே? பகவானுக்கே அனுப்பிட்டேளா?"

அதைக் கையில் வாங்கியதும்தான் ஞாபகம் வந்தது. நான் பில்லை எடுத்துக்கொண்டு கிளம்ப இருந்த நாளில்தான் முதலாளியின் அப்பா இறந்துபோன செய்தி வந்தது. மஞ்சள் வைத்த காகிதத்தைத் துக்க வீட்டுக்காரரிடம் நீட்டுவதா? காரியங்கள் முடியட்டும் என்று திரும்ப அலமாரியில் வைத்தேன். பிறகு மறந்தே போனேன். இடது கையால் அவர் வாங்கியது வேறொரு பில்லாக இருக்க வேண்டும்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். எல்லாவற்றையும் முதலாளியிடம் சொல்லி பில்லையும் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"மஞ்சள் இன்னும் பளிச்சுனு இருக்கே சார். காலைல பிரிண்ட் அடிச்சதா?"

"இல்லைங்க, சத்தியமா பழசு."

"எங்கப்பா பேரைச் சொல்லி அந்தம்மாவக் காப்பாத்தப் பாக்கீய. உங்க மனசு யாருக்கு சார் வரும்? சரி, உங்க முகத்துக்காக விடுதேன். வேலையில இருந்துட்டுப் போகட்டும்."

கெஞ்சிப் பார்த்தேன். கொஞ்சம் அதட்டியும் பார்த்தேன். முந்தின நாள் நான் சொன்ன பொய்யை ஒரு நொடியில் நம்பியவர், அன்று சொன்ன உண்மையை நம்பவில்லை.

மாடிப்படி இறங்கும்போது அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"எனக்காக இவ்ளோ பெரிய பொய்யி சொன்னீங்களே சார். எங்க நைனா இருந்தாக்கூட இப்டி பண்ணியிருக்க மாட்டாரு."

"பொய் இல்லம்மா. நீங்க வாங்கவே இல்ல. தப்பு என்னோடது."

"சர்தான் சார்" என்று சிரித்தார். "நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன், போய்ட்டு வாங்க."

அதற்குப் பிறகும் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதே சிரிப்புதான். கவரை வாங்கியது தனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்கிறார். இப்போது எந்தக் காகிதம் வந்தாலும் உடனே போனில் படம் எடுத்துக்கொள்கிறார். மேஜையைப் பூட்டிவிட்டு மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார். முன்பெல்லாம் அவரிடம் இந்தப் பதற்றம் இருந்ததில்லை.

எனக்கு வர வேண்டிய பணம் மறுநாளே வந்துவிட்டது. தன் ஞாபகத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையை நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று, அவர் எனக்கு வணக்கம் சொல்லும் ஒவ்வொரு முறையும் தெரியாமல் நிற்கிறேன்.