காய்ப்புழுவும் என் கட்சியும்

எட்டாம் வகுப்பு படிக்கையில், உலகம் எப்படி உண்டானது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. யானையை யானையாகவும் எறும்பை எறும்பாகவும் கடவுள் படைத்தார். படைத்தபடியே அவை இருக்கின்றன. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் இந்தக் கட்சியைத்தான் எடுத்துப் பேசினேன். குரங்குதான் மனிதனானது என்றால் கோயில் மதிலில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் இன்னும் எதற்குக் காத்திருக்கின்றன என்று கேட்டேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எதிர்த்துப் பேச வந்த பெண் பாதியிலேயே இறங்கிப் போனாள்.

முன்வரிசையில் இருந்து பலமாகத் தட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கோவில்பட்டியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் பசுவந்தனை பஸ் வரும்வரை நான் அந்தக் கடையில்தான் இருப்பேன். வீட்டில் அப்பாவுக்கும் அவருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். ஊரில் யார் எந்தக் கடையைச் சொன்னாலும் அப்பா மாமாவிடம் மட்டும்தான் மருந்து வாங்குவார்.

அந்தத் தை மாதம் எங்கள் புஞ்சையில் பருத்தி நன்றாகக் காய்த்திருந்தது. ஆனால் காய்க்குக் காய் புழுத் துளை. அப்பா மருந்து அடித்தார். புழு சாகவில்லை. அளவைக் கூட்டி அடித்தார். அப்போதும் சாகவில்லை. அவர்தான் கண் எரிந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். எழுந்ததும் ஒரு பருத்திக் காயைப் புழுவோடு பறித்துத் துண்டில் முடிந்துகொண்டு நேரே கடைக்கு வந்துவிட்டார். நான் பள்ளிக்கூடப் பையோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

"போன வருசமும் இதே மருந்துதான் மாப்ள. அடிச்ச மறுநாளே சுருண்டு கெடந்துது. இந்த வருசம் குளிச்சிட்டு எந்திரிச்ச மாதிரில்லா நெளியுது. என்னத்தக் கலந்து குடுத்த?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா மெதுவாகத்தான் பேசினார். "அத்தான், சீல் உடைக்காமத்தான் குடுத்தேன். நீங்க பாத்துத்தான வாங்கினீய."

இந்த இடத்தில் நான் எழுந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவள் சும்மா இருக்க முடியுமா?

"புழுவக் கடவுள் படைச்சபடிதான் இருக்கும். போன வருசப் புழுவும் இந்த வருசப் புழுவும் ஒண்ணுதான். அப்ப, மாறினது மருந்தாத்தான் இருக்கணும்."

"பிள்ளையே சொல்லுதா, கேட்டியா?" என்றார் அப்பா.

மாமா என்னைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி அலமாரியில் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார்.

அதோடு அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. என் சடங்குக்கு மாமா சீர்வரிசையோடு வந்தார். தாய்மாமன் வராமல் எப்படி? அவர் இருந்த நேரம் முழுக்க அப்பா பந்தலுக்கு வெளியே நின்று சமையல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து நடந்து ஓய்ந்துபோனாள்.

விலங்கியல் படிக்கக் கல்லூரிக்குப் போன பிறகு, ஒருநாள் வகுப்பில் விஷயம் விளங்கியது. எந்த மருந்தை அடித்தாலும் அதைத் தாங்குகிற புழு ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். மற்றதெல்லாம் சாக, அவை பிழைத்துப் பெருகும். வருடாவருடம் அதே மருந்தை அடித்தால் கடைசியில் தாங்குகிற புழுவே புஞ்சை முழுக்க நிற்கும். புழு மாறத்தான் செய்தது, எங்கள் கண் எதிரிலேயே. குரங்கைப் பற்றிய என் கேள்விக்கும் அன்றைக்கே விடை கிடைத்தது. குரங்கும் மனிதனும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள்; மதிலில் இருக்கும் குரங்கு எதற்கும் காத்திருக்கவில்லை. பழைய கட்சியை விடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. புதுக் கட்சி அவ்வளவு பலமாக இருந்தது.

அந்த வாரமே ஊருக்குப் போய் அப்பாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமா மேல் தப்பே இல்லை என்று முடித்தேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"அவன் கலப்படம் பண்ணுத ஆளு இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏம்ப்பா அவங்கள அப்படிக் கேட்டீங்க?"

"வெள்ளாமை போச்சு. யார்கிட்ட போயிக் கேக்க? புழுகிட்டயா? அவன்னா நம்ம பய, ரெண்டு வார்த்தை பதிலுக்கு ஏசிட்டு விட்டுருவான்னு நெனச்சேன். நீ வேற நடுவுல எந்திரிச்சுப் பேசிட்டியா, அவன் வாயே திறக்கல."

அடுத்த நாள் காலை பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்தார். கடை வாசலில் நின்று, "மாப்ள, பிள்ள புழுவப் பத்தி என்னமோ சொல்லுதா, கேளு" என்றார். மாமா இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு, எதிர்க்கடைப் பையனிடம் மூன்று டீ சொன்னார். நான் முதலிலிருந்து விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் நான் சொன்ன எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது அப்போதும் எனக்குத் தெரியவில்லை.