தண்ணீர் திறக்கும் மாதத்தில் விடுமுறை

மஸ்கட்டில் நீச்சல்குளத்துத் தண்ணீரை மெஷின் வைத்துக் குளிர்விக்கிறார்கள். வந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்தேன். ஒரு கோடை கழிந்ததும் சிரிப்பு போய்விட்டது. நான் இங்கே ஒரு ஹோட்டலில் லைஃப்கார்டு. காலை முதல் மாலைவரை குடைக்கடியில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆபத்து என்றாலொழிய நான் தண்ணீரில் இறங்கக் கூடாது; ஆபத்து என்பது இங்கே வருவதே இல்லை. ஆளுயரத் தண்ணீர், அடியில் பதித்த ஓட்டின் கீறல்கூடத் தெரியும். பேர் பெத்த நீச்சல்காரன் நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, உடம்பு நனையாமல் அறைக்குத் திரும்புகிறேன்.

போன மாதம் ஒரு ஜெர்மன்காரப் பெண்மணியின் மோதிரம் குளத்தில் விழுந்துவிட்டது. எனக்கு அனுமதி கிடைத்தது. இறங்கி, தரையோடு தரையாகக் கையால் தடவி, மோதிரத்தோடு மேலே வந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். சூபர்வைசர் ஹானி மட்டும் விழித்தார். எகிப்துக்காரர், நல்ல மனிதர். “கண்ணை மூடிக்கொண்டு ஏன் தேடினாய்? மோதிரம் கரையிலிருந்தே தெரிந்ததே” என்றார். பழக்கம் என்றேன். குளோரின் என் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவராக முடிவுசெய்து, மறுநாள் நீச்சல் கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். “மாஃபி முஷ்கில்”, ஒரு பிரச்சினையும் இல்லை, என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

உத்தமபாளையத்தில் கண்ணைத் திறந்து பிரயோஜனம் இல்லை. ஜூனில் பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் என்றால் முல்லையாறு கலங்கலாகக் கரை முட்டி வரும். நான் நீந்தப் பழகியது அதில்தான். தேனியைத் தனி மாவட்டமாகப் பிரித்த கையோடு நடந்த போட்டியில் ஃப்ரீஸ்டைலில் முதலாவதாக வந்தேன். வாழைக்காய் மண்டி வைத்திருந்த என் அத்தா, வாரா வாரம் மகனை மதுரைக்கு பஸ் ஏற்றிவிட்டார். அங்கே நீச்சல்குளத்தில் பழக்கிய மாஸ்டர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: மாநிலப் போட்டியில் மூன்றுக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். எங்கள் வீட்டில் அந்த வேலை கிடைத்துவிட்ட மாதிரியே பேசிக்கொண்டார்கள்.

மெடல் வாங்கிய வருஷமே எங்கள் தெருக்காரர் ஒருவரை ஆறு இழுத்துக்கொண்டது. “மெடல் வாங்குன பய இருக்கான்ல, அவனக் கூப்பிடுங்கப்பா” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னோடு படித்த முருகேசன் வந்து கூப்பிட்டான். மோட்டார் ரிப்பேர்க் கடையில் வேலை பார்த்தவன். நீச்சல் அவனுக்குச் சுமார்தான். என் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டான். “ஏலே சாகுலு, மூச்சு முட்டுச்சுன்னா ரெண்டு இழு இழு. தூக்கிர்றேன்” என்றான். அன்றைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சேற்றில் துழாவினேன். ஒரு சட்டைக் காலர் விரலில் பட்டது.

அதன்பிறகு கோம்பை, பண்ணைப்புரம், சின்னமனூர் என்று எங்கே கிணற்றில் ஆள் விழுந்தாலும் எங்கள் வாசலில் பைக் வந்து நிற்கும். “ஃபயர் சர்வீஸ்காரக வர நேரமாகுமாம்ப்பா. பெத்தவக கதறுறாக” என்பார்கள். பெற்றவர்கள் கதறும்போது எப்படி மாட்டேன் என்பது? முருகேசன் கயிற்றோடு முன்னாலேயே போய் நிற்பான். விரலை அகல விரித்து, பக்கவாட்டில் அரைவட்டமாகத் துழாவ வேண்டும். எது தட்டுப்பட்டாலும் பிடித்துவிட வேண்டும், விடக் கூடாது. தொழிலே அவ்வளவுதான்.

மதுரையில் மாஸ்டர் குளத்தின் கரையோடு கூடவே நடந்து கத்துவார். “விரல மூடுடா! கைய நேரா பின்னால இழு. நீ நீந்துறியா, தேடுறியா?” மூடுவேன். பாதிக் குளம் தாண்டுவதற்குள் விரல்கள் தாமாக விரிந்துகொள்ளும்.

சென்னையில் மாநில இறுதிப் போட்டி. குளத்தின் கடைசி நீளத்தில் எனக்கு முன்னால் ஒரே ஒருவன்தான் இருந்தான். அது எனக்குத் தெரியும், மூச்சுக்குத் தலை திருப்பும்போது பார்த்தேன். அப்போது வலது கை விலகிப்போய், பாதையைப் பிரிக்கும் மிதவைக் கயிற்றில் பட்டது. என் கை அதைப் பிடித்துக்கொண்டது. நான் பிடிக்கவில்லை, கைதான் பிடித்தது. இறுகப் பிடித்து, விடாமல், அப்படியே நின்றுவிட்டேன். விசில் அடித்தார்கள். கயிற்றைப் பிடித்து நின்றவனுக்கு இடம் கிடையாது. மாஸ்டர் என் பக்கம் வரவே இல்லை. மேலே ஏறி உட்கார்ந்து, ஊரில் அவ்வளவு பேரை மேலே கொண்டுவந்த அந்தக் கையைப் பார்த்து அழுதேன்.

வேலை போனாலும் தொழில் போகவில்லை. பெண் கேட்டுக் கம்பத்துக்குப் போன இடத்தில், வருங்கால மாமனாருக்கு டீ டம்ளரை எடுத்து நீட்டினேன். வாங்கினார், கீழே வைத்தார். கடைசிவரை குடிக்கவில்லை. பிறகு சொல்லி அனுப்பினார்கள்: “பய நல்ல பயதான். ஆனா பொணம் எடுக்குற கையாச்சே.” அந்த வருஷமே விசா வாங்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். நீச்சல்காரன் என்று மட்டும் என்னைத் தெரிந்த ஓர் இடத்தில் இருக்க ஆசைப்பட்டேன்.

வெயில் உச்சத்தில் ஹோட்டல் காலியாகிவிடும். எங்களுக்கு விடுமுறை அப்போதுதான் கிடைக்கும். அதுதான் ஊரில் தண்ணீர் திறக்கும் பருவம். ஒவ்வொரு வருஷமும் அம்மா, “இப்ப வராத சாகுலு, ஆத்துல தண்ணி வருது. நீ வந்துருக்கன்னு தெரிஞ்சா வாசல்ல வந்து நிப்பாக” என்று தடுத்துவிடும். நானும் சரி என்று இருந்துவிடுவேன்.

இந்த வருஷம் வந்தே தீருவேன் என்று போன் போட்டேன். அம்மா இந்தத் தடவை தடுக்கவில்லை.

“நீ இல்லேன்னு முருகேசந்தான் எறங்கிக்கிட்டு இருந்தான்ப்பா” என்றது. “போன வருசம் மதகுகிட்ட யாரையோ தேடப் போனான். கயிறு அத்துக்கிருச்சாம். ரெண்டு நாள் தேடுனாக, அவன வீரபாண்டிகிட்ட எடுத்தாக. சொன்னா ஓடி வந்துருவன்னு சொல்லல. இங்கன வந்து உன்னயக் கேட்டாகப்பா. வரமாட்டான்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன்.”

அவனுக்குக் கயிறு பிடிக்க நான் இல்லை. அவனைத் தேட இறங்கவும் நான் இல்லை. இனி எந்த மாதத்தில் ஊருக்குப் போய் என்ன செய்ய?

விடுமுறை வேண்டாம் என்றேன். ஊரில் தண்ணீர்ப் பிரச்சினையா என்று ஹானி கேட்டார். ஆமாம் என்றேன். பாலைவனக்காரருக்குத் தெரிந்த தண்ணீர்ப் பிரச்சினை ஒன்றுதான். மழை வரும், கவலைப்படாதே என்று ஆறுதல் சொன்னார். ஆள் இல்லாத குளத்தில் ஆசை தீர நீந்திக்கொள் என்று அனுமதியும் தந்தார்.

நேற்று இறங்கினேன். கரையில் நின்று ஹானி கண்ணாடியை மாட்டச் சொன்னார். மாட்டிக்கொண்டு, அதற்குள் கண்ணை மூடிக்கொண்டேன். விரல்களைச் சேர்த்து வைத்துத்தான் தொடங்கினேன். கொஞ்ச தூரத்திலேயே விரிந்துவிட்டன. ஆழத்தைப் பிரிக்கக் கட்டியிருக்கும் மிதவைக் கயிறு கையில் பட்டது. கை பிடித்துக்கொண்டது. இங்கே விசில் அடிக்க யாரும் இல்லை. மூச்சு முட்டும்வரை தண்ணீருக்குள்ளேயே இருந்தேன். பிறகு அந்தக் கயிற்றை இரண்டு முறை இழுத்தேன்.