வெண்டலின் நாற்காலி ஆணியில் ஏறிய வருஷம்

பேஸ்பால் ஆடுகிறவன் ஒருவன் தும்மிய தும்மலில் விலா பிடித்துக்கொண்டு ஒரு மாதம் படுத்தான் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. டிவியில் காட்டின பிறகும் வெகுநேரம் வாயைத் திறந்தபடியேதான் உட்கார்ந்திருந்தேன். அவன் வெண்டல் எடுத்த ஆள்.

வெண்டல் ஸ்டௌட் என் அக்கா மகள் ரோஷெலைக் கட்டியவன். ஓஹையோவில் எங்கள் ஊர் வீடுகளில் பாதிக்கு, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் அடுப்பைப் பழுது பார்ப்பவன் அவன்தான். ரோஷெல் அவனை விட்டுவிட்டு ஃபீனிக்ஸ் பக்கம் போய்விட்டாள். பெரிய சண்டை ஒன்றுமில்லை. அவள் போனாள், இவன் இங்கேயே இருந்துவிட்டான். தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை, பிள்ளையும் இல்லை. சொந்தம் என்று மிஞ்சியது நாங்கள்தான். ஆனால் இப்போது அவன் எங்களுக்கு என்ன முறை என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் குடும்பத்து ஃபேன்டஸி பேஸ்பால் லீகில் அவனுக்கு ஓர் இடம் இருந்தது. அந்த ஒரு கயிற்றில்தான் அவன் எங்களோடு கட்டுண்டு கிடந்தான்.

மார்ச் மாதம் ரோஷெலின் அண்ணன் லானியின் கார் ஷெட்டில் எல்லோரும் கூடுவார்கள். அவரவர் மடக்கு நாற்காலி, முதுகில் பெயிண்டால் எழுதிய பேர். பெரிய அணிகளில் ஆடுகிற நிஜ ஆட்டக்காரர்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆள் மைதானத்தில் அடித்தால் எடுத்தவனுக்குப் புள்ளி. அவன் படுத்தால் இவனும் படுக்க வேண்டியதுதான். லானியின் அப்பா, அதாவது என் அத்தான், உயிரோடு இருந்தபோது ஒரு சட்டம் போட்டார். இரண்டு வருஷம் தொடர்ந்து கடைசியில் வந்தவனுடைய நாற்காலி ஷெட் சுவரில் ஆணியில் ஏறிவிடும்; அத்தோடு லீகில் அவன் இடமும் போய்விடும். என் கொழுந்தன் மகன் ஆர்லோவின் நாற்காலி இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அதற்குப் பிறகு அவன் கிறிஸ்துமஸ் விருந்துக்குக்கூட வருவதில்லை.

முந்தின வருஷம் வெண்டல்தான் கடைசி.

அதனால் அந்த மார்ச்சில் பார்த்துப் பார்த்து எடுத்தான். முதலில் எடுத்த பந்துவீச்சாளனுக்கு ஏப்ரலிலேயே முழங்கைத் தசைநார் கிழிந்து ஆபரேஷன். அடுத்தவன் சொந்த நாயின் சோற்றுக் கிண்ணத்தில் கால் தடுக்கி விரலை ஒடித்துக்கொண்டான். இன்னொருவன் அவுட்டான கோபத்தில் சுவரைக் குத்தினான். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்பு நன்றாக இருந்தவர்களோ அதைவிட மோசம். போன வருஷம் பந்தை மைதானத்துக்கு வெளியே வெளியே அனுப்பிய தடியன் ஒருவன், மே மாதம் பூராவும் வேலிக்கட்டை மாதிரி நின்றான். அதன்பிறகுதான் அந்தத் தும்மல். செய்தி வரும்போதெல்லாம் வெண்டல் போனைப் பார்ப்பான், பிறகு தன் கையைப் பார்ப்பான்.

ஜூலையில் ஒரு நல்லது நடந்தது. என் நாத்தனார் மகள் மார்வாவின் பையன் கோல்பியைப் பெரிய அணியில் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போன முதல் பிள்ளை. மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது வெண்டல் அவனைத் தன் அணிக்கு எடுத்துவிட்டான். கோல்பி அடித்தான், ஓடினான், பந்து வீசுகிறவன் அசந்த நேரம் பார்த்து அடுத்த பேஸைத் திருடிக்கொண்டும் ஓடினான். வெண்டல் கடைசி இடத்திலிருந்து ஏறிவிட்டான்.

செப்டம்பரில் என் வீட்டு அடுப்பைக் குளிருக்கு முன்னால் பார்த்துவிடலாம் என்று வந்திருந்தான். அவனைத் தேடிக்கொண்டு மார்வா வந்தாள். கையில் சுரைக்காய் ரொட்டி. அவள் முகத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க," என்றாள். "நீங்க எடுக்குற ஆளெல்லாம் ஒடிஞ்சு விழுறாங்க. என் புள்ளைய விட்டுருங்க."

"அவன் ஒருத்தன்தான் எனக்கு ஓடிட்டிருக்கான் மார்வா."

"தெரியும். நாற்காலி போயிரும்னும் தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

இப்படி ஒரு தாய் வந்து கேட்பாள் என்று யார் நினைப்பார்கள்? அவன் அவளிடம் ஒன்றும் வாதாடவில்லை. கரி படிந்த கையைத் துணியில் துடைத்தான், போனை எடுத்தான், ஏதோ அழுத்தினான். விட்டாயிற்று என்றான். ரொட்டியை வாங்கிக்கொண்டு மறுபடி அடுப்புக்குள் தலையை விட்டான்.

விட்ட ஆளை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அன்று மாலைக்குள் லானி எடுத்துவிட்டான். எடுத்ததோடு விடாமல் போன் போட்டும் சொன்னான்: "மாப்ள, புள்ளைய தெருவுல விட்டுட்டுப் போயிட்டியே. நான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து லானி வீட்டில் எல்லோரும் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். கோல்பி இரண்டாவது பேஸுக்குச் சறுக்கினான். கால் ஒரு பக்கம் போனது, பாதம் வேறு பக்கம் போனது. லானியின் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. மார்வா டிவியைப் பார்க்கவில்லை, வெண்டலைத்தான் பார்த்தாள்.

"நான் விட்டுட்டேனே மார்வா," என்றான் அவன். முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. "நான் விட்டுட்டேனே."

கோல்பிக்குக் கணுக்கால் ஆபரேஷன் நடந்தது. சீசன் முடிந்தபோது வெண்டல் கடைசி; அரைப் புள்ளி வித்தியாசத்தில் கடைசி.

அடுத்த மார்ச்சில் வெண்டல் தன் நாற்காலியைத் தானே மடித்துக் கொண்டுவந்து லானியிடம் நீட்டினான். லானி மனம் இரங்குவான் என்று நினைத்தேன். அவன் ஏணியில் ஏறி, ஆர்லோவின் நாற்காலிக்குப் பக்கத்தில் அதை மாட்டினான். வெண்டல் கோட்டை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தான்.

அன்றைக்கு மார்வாவும் ஷெட்டுக்கு வந்திருந்தாள். கோல்பி நடந்து, ஓடி, பயிற்சிக்குப் போய்விட்ட நேரம் அது.

"என் புள்ளைய வெண்டல் அண்ணன்தான் எடுக்கணும்," என்றாள். "அவர்கிட்ட இருந்த வரைக்கும் அவனுக்கு ஒரு கீறல் விழல."

அது உண்மைதான் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. லானி ஏணியிலேயே நின்றான். அத்தான் போட்ட சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதவன், சொந்தக்காரன் ஆர்லோவின் நாற்காலியையே மாட்டியவன். மெல்ல இறங்கினான். மூலையில் கிடந்த காலிப் பெயிண்ட் வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து கவிழ்த்தான்.

"அப்பா நாற்காலியப் பத்திதான் சொன்னாரு," என்றான். "வாளியப் பத்தி ஒண்ணும் சொல்லல. உக்காரு மாப்ள."

வெண்டல் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தான். முறை வந்ததும் முதல் ஆளாகக் கோல்பியின் பெயரைச் சொன்னான். கணுக்காலில் திருகாணி இருக்கிற பையனை முதல் ஆளாக எடுப்பது பைத்தியக்காரத்தனம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை.