மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட நாள்

1983 ஜனவரி 20, வியாழக்கிழமை. காலை ஒன்பதே கால் மணி. கிழக்கே கருமேகம், காற்றில் ஈர வாடை. ஊரே வானத்தைப் பார்த்துக் கும்பிட்டது. நான் மட்டும் சாலை மதகின் மேல் குடையோடு நின்று, "ஈசனே, மதியம் வரைக்கும் மழை வேண்டாம்" என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அடியார்கள் என்னைத் தவறாக நினைக்க வேண்டாம். அந்த வருஷம் திருப்புலிவனம் ஏரி நிரம்பவில்லை. என் ஒன்றேகால் ஏக்கர் சம்பா, கதிர் விட்டும் பால் பிடிக்காமல் வெறும் உமியாய்ச் சாவியாகிவிட்டது. விளையாத நிலத்துக்குத் தீர்வை தள்ளுபடி உண்டு. ஆனால் வருவாய்த்துறை அதிகாரி வந்து, நிற்கும் பயிரைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். அன்று மதியத்துக்குள் அவர் வருவதாகத் தகவல். எழுதாவிட்டால் போன வருஷ பாக்கியும் சேரும். எங்கள் ஒரே கறவை மாட்டை ஜப்தி செய்துவிடுவார்கள்.

வாலாஜாபாத் அரிசி மில்லில் கணக்கெழுதி ஓய்ந்தவன் நான். பென்ஷன் இல்லை. நிலம் இருக்கிறது என்று முதியோர் உதவித்தொகை மனுவையும் தள்ளிவிட்டார்கள். அந்த மாட்டின் பால் காசில்தான் நானும் என் மனைவியும் சாப்பிட்டோம். இப்போது மழை பெய்து வயலில் தண்ணீர் நின்றால், பாசனம் உண்டு என்று அதிகாரி எழுதிவிடுவாரே! அதுதான் என் பயம்.

மனைவி கஞ்சி கொண்டுவந்தாள். "ஊரே மழைக்கு அழுவுது. நீங்க வாணான்னு கும்பிட்டுக்கினு கீறீங்களே, சாமி யாரு பேச்சக் கேக்கும்?" என்றாள்.

தலையாரி சைக்கிளில் வந்தான். "இன்னாத்துக்கு நைனா நிக்கிற? அவரு ஜீப்ப வுட்டு எறங்க மாட்டாரு. ரோட்டோரம் பம்புசெட்டுப் பயிரு பச்சையா கீது. அத்தப் பாத்துட்டு எல்லாம் வெளைச்சல்னு எழுதிக்கினு பூடுவாரு."

என் நிலம் அந்தப் பச்சைக்குப் பின்னால். "ஈசனே, இனி நான் எதுவும் சொல்லவில்லை. உன் இஷ்டம்" என்றேன். கண் கலங்கிவிட்டது.

ஜீப் வந்தது. மழையும் வந்தது. அப்படி ஒரு மழை! மதகருகே சக்கரம் சேற்றில் புதைந்தது. மேல்படுதா கிழிந்த ஜீப். அதிகாரி தொப்பலாக நனைந்தார். ஒதுங்குவதற்கு ஒரு மோட்டார் கொட்டகைதான் இருந்தது. அங்கே என் வரப்பு வழியாகத்தான் போக வேண்டும்.

குடை பிடித்து அழைத்துப் போனேன். பாதி வரப்பில் கால் வழுக்கியது அவருக்கு. பிடிமானத்துக்கு என் பயிரைப் பற்றினார். கதிர் கையோடு வந்தது. கசக்கிப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, ஒரு மணிகூட இல்லையே?"

"உமிக்கும் தீர்வை உண்டுங்களா ஐயா?"

சிரித்துவிட்டார். கொட்டகையில் நின்றபடியே தள்ளுபடிக்கு எழுதினார். எந்த மழையை வேண்டாம் என்றேனோ, அந்த மழைதான் அவரை இறக்கி என் வயலுக்குள் நடத்தியது.

மாடு எங்களிடமே நின்றது. அன்று முதல், இத்தனை மணிக்கு, இந்த விதமாக என்று சுவாமிக்கு நான் யோசனை சொல்வதில்லை. கஷ்டத்தில் இருப்பவர்களே, நீங்களும் கேளுங்கள். தரும் வழியை அவரிடம் விட்டுவிடுங்கள்.

எனக்கு ஆன செலவு: அர்ச்சனை ஐம்பது காசு, கற்பூரம் கால் ரூபாய், ஜீப்பைத் தள்ளிய ஆறு பேருக்கு டீ ஒரு ரூபாய் எண்பது காசு. ஆக இரண்டு ரூபாய் ஐம்பத்தைந்து காசு.