வராத ஏப்பம்

காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பதுதான் எனக்குத் தொழில். பலகையில் உட்கார்ந்து, அருவாமனையைக் காலால் அழுத்திக்கொண்டு, காலையிலிருந்து மதியம்வரை குனிந்த தலை நிமிராமல் வெட்ட வேண்டும். குனிந்தால்தான் சோறு. எனக்கோ குனிந்தால் நெஞ்சு எரியும். எதிரே நிற்பவர் "இன்னும் சின்னத் துண்டா போடும்மா" என்று சொல்லும்போதே புளித்த தண்ணீர் வாய்வரைக்கும் ஏறிவிடும். அதை விழுங்கிக்கொண்டு சிரிக்கவும் வேண்டும். ஆறு வருஷம் இப்படியே ஓட்டினேன்.

எங்கள் வரிசையில் இதற்கு ஒரே வைத்தியம் கோலி சோடா. வேலை முடிந்ததும் பக்கத்துப் பலகைக்காரி இரண்டு வாங்குவாள். "ஏப்பம் வுட்டா எல்லாம் சரியாப்பூடும்" என்பாள். பெரிதாக ஒரு ஏப்பம் வரும். ஐந்து நிமிஷம் சுகம், அப்புறம் முன்னைவிட எரிச்சல். மாத்திரை, வெள்ளை மருந்து, மோர் எதற்கும் அது அடங்கவில்லை.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, வயிற்றின் மேல்பாகம் நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறது, வயிற்றின் வாய் மூடுவதில்லை என்றார். நான் முழிப்பதைப் பார்த்து என் இடுப்பிலிருந்த சுருக்குப் பையைக் காட்டினார்.

"இதோட கயிறு போயிட்டா உள்ள இருக்கிறது கொட்டுமில்ல? அதான் உங்களுக்கு. வயித்தோட மேல்பக்கத்தையே எடுத்து, சோத்துக் குழாயைச் சுத்தித் தெச்சு இறுக்கிடுவோம்."

வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டை போடுவார்களாம். ஆனால் இரண்டு மாதம் கனம் தூக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது.

ஓட்டைக்கு நான் பயப்படவில்லை. அந்த இரண்டு மாதத்துக்குத்தான் பயந்தேன். எங்கள் வரிசையில் பட்டா கிடையாது, ரசீது கிடையாது. உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் இடம். பிரசவம், சாவு என்று ஒருத்தி போனால் அவள் கூடையை அங்கே கவிழ்த்து வைப்போம். கவிழ்த்த கூடையை யாரும் தொட மாட்டார்கள். ஆனால் அந்த மரியாதை முப்பது நாளைக்குத்தான். அதற்குமேல் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

"நீ போயி அறுத்துக்கினு வா. எவ வந்து குந்துறான்னு நான் பாத்துக்கிறேன்" என்று என் கூடையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள் பக்கத்துப் பலகைக்காரி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டில் வடிகட்டிய கஞ்சிதான் சாப்பாடு. ஆனால் ஆறு வருஷத்தில் முதல்முறையாக, எரிச்சலுக்குப் பயந்து மூன்று தலையணை அடுக்காமல் படுத்துத் தூங்கினேன். பன்னிரண்டாம் நாள் என்னைப் பார்க்க அவள் வந்தாள், பையில் இரண்டு கோலி சோடாவுடன்.

"சோடா இல்லாம எப்பிடிடி கீற?"

ஆஸ்பத்திரியில் கலர், கூல்டிரிங்க்ஸ் எதுவும் குடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சோடாவைக் கலரோடு சேர்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கு அது மருந்தாயிற்றே! ஒரே மூச்சில் குடித்தேன்.

வயிறு பொம்மென்று ஊதியது. ஏப்பம் வரவில்லை. அவள் முதுகில் தட்டினாள், நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். தொண்டைவரை முட்டியது, வெளியே வரமாட்டேன் என்றது. தையல் பிய்ந்துவிட்டது, மறுபடி அறுப்பார்கள், இன்னும் இரண்டு மாதம், இடம் போச்சு என்று நான் அலறினேன். "நாந்தாண்டி உன்னியக் கெடுத்துட்டேன்" என்று அவளும் அழுதாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தார், படமும் எடுத்துப் பார்த்தார். சோடா விஷயம் கேட்டதும் இருவரையும் வறுத்தெடுத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"காத்தே மேல வர முடியலைன்னா புளிச்ச தண்ணி எப்படிம்மா வரும்? தையல் நல்லா புடிச்சிருக்கு. நடங்க, கீழ்வழியாப் போயிடும்."

போனது. ராயபுரம் பாலம் தாண்டும்போது ஷேர் ஆட்டோவில் எல்லோரும் எங்களை முறைத்தார்கள். நாங்கள் இருவரும் கடலைப் பார்க்கிற மாதிரி வெளியே பார்த்தோம்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது என் இடத்தில் கூடை இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. கிட்டப் போனால், அங்கே அவள் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தோராம் நாளே புதிதாக ஒருத்தி வந்து நின்றாளாம். அன்றிலிருந்து என் பலகையில் கொஞ்ச நேரம், தன் பலகையில் கொஞ்ச நேரம் என்று அருவாமனையைத் தூக்கிக்கொண்டு மாறி மாறி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு இடமும் காலியில்லை என்று காட்டத்தான் இத்தனை பாடு.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா தையலோட ஓடியாந்துருப்ப. குந்து, கிராக்கி வந்துகினு கீது."

உட்கார்ந்தேன். ஒரு அம்மாள் நீட்டிய பாறை மீனை வாங்கிக் குனிந்தேன். செதில் சீவி, தலை எடுத்து, துண்டு போட்டு முடிக்கும்வரை எரிச்சலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த மீனுக்கும் வரவில்லை. சந்தோஷத்தில் அந்தம்மாளுக்கு ரொம்பவே சின்னத் துண்டாகப் போட்டுவிட்டேன்.

மதியம் பழக்க தோஷத்தில் அவள் இரண்டு சோடா வாங்கி வந்து, என் முகத்தைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தாள்.

"எனக்கும் சேத்து நீயே வுடு" என்றேன்.

இரண்டையும் குடித்துவிட்டு அவள் விட்ட ஏப்பத்துக்கு ஐஸ் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.