பெரட்டுக் களத்துப் போஸ்ட்

சுதர்ஷினியின் இடது கை அடிமட்டத்தை அழுத்திப் பிடிக்க, வலது கை வரைபடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தது. தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கும் மின்கம்பத்திலிருந்து, இன்னும் வெள்ளையடிக்காத புது வீட்டின் முன்சுவர் வரை. தோட்ட முகாமையாளரின் கடிதமும் வயரிங் பரிசோதனை அறிக்கையும் ஏற்கெனவே கோப்பில் ஏறியிருந்தன.

“கோடு போட்டாச்சுல்ல? குடுங்க தங்கச்சி, கவுன்டர மூடிருவாங்க,” என்றார் கணேசமூர்த்தி.

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவர் குடியிருந்த அறையின் சுவர் மழையில் சரிந்து, கரண்டைத் துண்டித்துவிட்டார்கள். மனைவி அம்மாக்கண்ணு ஆஸ்பத்திரியில் ஒக்சிஜன் மெசினோடு படுத்திருந்தார். புது வீட்டுக்குக் கரண்ட் வந்தால்தான் அனுப்புவார்களாம். நாளையிலிருந்து புதுவருட விடுமுறை.

சுதர்ஷினி பேனாவைத் தொடவில்லை. ராகலையில் நூர்தீனின் ஹார்ட்வெயார் கடை மாடியில், கட்டுகிற வீடுகளுக்கு மின்சார விண்ணப்பம் தயாரிப்பது அவர் தொழில். வயரிங் வேலை செய்த கணவருக்காகத் தாள்களை மின்சார சபை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றும் ஏன் திரும்பி வந்தது என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர். மையில் வரையுமுன் ஒரு கேள்வி வைத்திருந்தார்.

“பெக்டரி ஓடாத நாள்ல அந்தப் போஸ்ட்ல லைட் எரியுமாண்ணே?”

“அதெப்படி எரியும்? பெக்டரி நின்னா அதுவும் நின்னுரும்.”

“அப்ப அது பெக்டரியோட சொந்த லைன். அதிலேருந்து மின்சார சபை ஒங்களுக்கு இழுக்காது.”

“பொறந்ததிலேருந்து லயத்துக்கு வெளிச்சம் அதுலதானே வந்துச்சு!”

லயத்தில் வளர்ந்தவர்கள் செய்கிற பிழைதான். சுதர்ஷினி கோட்டை அழித்தார். அடுத்த கம்பம் மெயின் ரோட்டில். அங்கிருந்து வந்தால் கம்பி பக்கத்து வீட்டு நாகலெட்சுமியின் கூரைக்கு மேலே போகும். அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும்.

கணேசமூர்த்தி உட்கார்ந்துவிட்டார். அவர் அத்திவாரம் வெட்டிய மண் நாகலெட்சுமியின் லீக்ஸ் பயிரிட்ட பாத்தியில் சரிந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. “வேற பக்கமா இழுக்க ஏலாதா?”

“ஏலாதுண்ணே.”

ரோட்டுக் கம்பத்திலிருந்து கோடு ஒன்றை மையில் வரைந்து, சம்மதக் கடிதத்தையும் எழுதிக்கொண்டு, நாகலெட்சுமியைத் தேடித் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

நாகலெட்சுமி கூடையை இறக்கவில்லை. “மண்ணு கொட்டுறப்ப எங்கிட்ட கையெழுத்து வாங்குனீங்களாண்ணே?”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

“கம்பி கூரையத் தொடாதுக்கா. எவ்வளவு ஒசரத்துல போகும்னு எழுதியிருக்கேன்,” என்று சுதர்ஷினி தாளை நீட்டினார்.

நாகலெட்சுமி அதைப் பார்க்கவில்லை. “ஆஸ்பத்திரியிலேருந்து மதினி எப்ப வாறாங்க?”

“கரண்டு வந்தாத்தான்,” என்றார் கணேசமூர்த்தி. “அந்த மண்ண நாளைக்கே அள்ளிர்றேன் தங்கச்சி.”

“வருசத்தன்னிக்கா? நீங்க அள்ளுற லட்சணம் தெரியாதா!” கூடை கீழே இறங்கியது. கறை ஏறிய விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். “இது மதினிக்காகத்தான்.”

மின்சார சபை அலுவலகத்தில் பாதி கவுன்டர்கள் மூடியிருந்தன. கிளார்க் வரைபடத்தில் ரோட்டுக் கம்பத்திலிருந்து விரலை நகர்த்தி, கூரையில் நிறுத்தினார்.

“இது யார் வீடு?” என்று சிங்களத்தில் கேட்டார்.

சுதர்ஷினி சம்மதக் கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். கிளார்க் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, பதிவு முத்திரையை எடுத்துக்கொண்டு கையை நீட்டினார். சுதர்ஷினி விண்ணப்பக் கோப்பை அவர் கையில் கொடுத்தார்.